கியர் விகிதத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது?

கார்ப் பந்தய விளையாட்டுகளில் வண்டியின் செட்டிங் பக்கத்துக்குப் போகிறவர்கள் சஸ்பென்ஷனையும் டயர் காற்றழுத்தத்தையும் துணிந்து மாற்றுவார்கள். கியர் விகிதங்கள் இருக்கும் இடம் வந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். ஐந்தாறு எண்கள் மூன்று தசம இடங்களோடு வரிசையாக நிற்பதைப் பார்த்தால் தயக்கம் வருவது இயல்புதான். துணிந்து தொடுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறார்கள்: அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும் அளவை வலப்பக்கம் தள்ளிவிட்டு, வண்டி இனி விரைந்து ஓடும் என்று நம்பிப் பந்தயத்துக்குப் போய்விடுகிறார்கள். கிரான் டூரிஸ்மோவையும் ஃபோர்ஸாவையும் பல ஆண்டுகளாக விளையாடி வரும் எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. கியர்களை நேர்பாதையின் முடிவிலிருந்து அளக்கத் தொடங்கக் கூடாது. அந்த நேர்பாதைக்குள் வண்டியை அனுப்பிவைக்கும் வளைவின் வாயிலிருந்து, அதாவது வண்டி வளைவை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து, அளக்க வேண்டும்.

அல்சூரில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என்னோடு சேர்ந்து விளையாடுவான். ஒருநாள் அவன் கேட்டான்: "மாமா, டாப் ஸ்பீட 250ல வெச்சிருக்கேன். ஆனா வண்டி 200 தாண்டவே மாட்டேங்குதே, ஏன்?" இதைவிட நல்ல கேள்வியோடு இந்த விஷயத்தைத் தொடங்க முடியாது. அந்த அளவு வண்டிக்கு வேகம் எதையும் கொடுப்பதில்லை. கடைசி கியரில் என்ஜின் தன் உச்சச் சுழற்சியைத் தொடும்போது சக்கரம் எந்த வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த வேகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு என்ஜினுடையது; குறுக்கே நிற்பது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகவும் வளர்கின்றன. உச்ச வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். அந்தத் திறன் இல்லாத வண்டிக்குக் கியரை நீட்டிக்கொடுத்தால் (அதாவது, அதே கியரில் கூடுதல் வேகம் வரை போகும்படி விகித எண்ணைக் குறைத்தால்), என்ஜின் தன் வலுவான சுழற்சியை எட்டவே முடியாமல் கீழேயே திணறும்; சில வேளைகளில் முன்பு எட்டிய வேகத்தைக்கூட எட்டாது.

அடிப்படைக் கணக்கு எளிது. விகிதம் என்பது பற்களின் கணக்கு: சுழற்றப்படும் பற்சக்கரத்தின் பற்களை, சுழற்றும் சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவது. கியர்பாக்ஸுக்குள் ஒவ்வொரு கியருக்கும் ஒரு விகிதம் உண்டு. அதற்கப்பால், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிஃப்ரன்ஷியலில் எல்லாக் கியர்களுக்கும் பொதுவாக இன்னொரு விகிதம் உண்டு. விளையாட்டுகள் அதை ஃபைனல் டிரைவ் அல்லது ஃபைனல் கியர் என்கின்றன; பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் விற்கிறவரிடம் போனால் அதே பொருளுக்குக் கிரௌன்–பினியன் என்று பெயர். பினியனில் 10 பல், கிரௌனில் 43 பல் என்றால் விகிதம் 4.3. எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருமுறை இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "நம்பர் ஏறினா இழுவை சார், எறங்கினா ஓட்டம்." பைக்கின் முன் ஸ்பிராக்கெட்டை மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். பின்னால் 42 பல், முன்னால் 14 பல் என்றிருந்தால் விகிதம் 3. முன்னால் 13 பல்லாக்கினால் 3.23. ஒரே ஒரு பல்தான் குறைந்தது. பிக்கப் கூடியதும், நெடுஞ்சாலையில் என்ஜின் கத்தத் தொடங்கியதும் உடனே தெரிந்துவிடும்.

இனி உண்மையான வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1989இல் வெளிவந்த யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5, கிரான் டூரிஸ்மோ 7இல் இருக்கிறது. கியர் பழகுவதற்கு அதைவிட நல்ல வண்டியை நான் கண்டதில்லை. திறன் குறைவு என்பதால் விகிதத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வெளியே தெரியும். தொழிற்சாலையிலிருந்து வரும் ஐந்து விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814, ஃபைனல் 4.3. டயர் 185/60 ஆர்14 என்பதால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.81 மீட்டர் உருளும். என்ஜின் சுழற்சியைக் கியர் விகிதத்தாலும் ஃபைனலாலும் வகுத்தால் சக்கரத்தின் சுழற்சி கிடைக்கும். அதை டயரின் சுற்றளவால் பெருக்கினால் வேகம். 7000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 7000 சுற்று) என்று வைத்துக் கணக்கிட்டால் முதல் கியர் மணிக்கு 56 கி.மீ., இரண்டாவது 94, மூன்றாவது 133, நான்காவது 177, ஐந்தாவது 218 வரை போகும். இதில் கடைசி எண் வெறும் கணக்கு. 120 குதிரைத்திறன் கொண்ட அந்தச் சிறு வண்டி 218ஐத் தன் சொந்த பலத்தில் தொடாது. ஐந்தாவது கியர் நெடுஞ்சாலையில் என்ஜினை அமைதியாக ஓடவைப்பதற்கும் எரிபொருள் மிச்சத்துக்குமாக வைக்கப்பட்டது. பந்தயத்துக்காக வைக்கப்பட்டது அன்று. சாலைக்கார் ஒன்றைப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோகும்போது விகிதங்களை மாற்ற வேண்டியதன் முதல் காரணம் இதுதான்.

வேகங்களைவிட முக்கியமான இன்னொரு வரிசை இந்த எண்களுக்குள் இருக்கிறது. 7000இல் கியர் மாற்றினால் அடுத்த கியரில் என்ஜின் எங்கே வந்து இறங்குகிறது என்று பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது ஏறக்குறைய 4210இல் விழுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு 4930. மூன்றிலிருந்து நான்குக்கு 5260. நான்கிலிருந்து ஐந்துக்கு 5700. மேலே போகப் போக வீழ்ச்சி குறைந்துகொண்டே வருவது தற்செயலாக அமைந்ததன்று. கீழ் கியர்களில் இழுவை மிகுதி, காற்றின் எதிர்ப்பு குறைவு. ஆகவே என்ஜின் சற்று ஆழமாக விழுந்தாலும் சமாளித்து எழுந்துவிடும். மேல் கியர்களில் காற்று வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே ஒவ்வொரு மாற்றத்திலும் என்ஜின் தன் உச்சத் திறனுக்கு அருகிலேயே இறங்கியாக வேண்டும். ஏறும்போது படிகளின் உயரம் குறைந்துகொண்டே போகும் மாடிப்படியைப் போல விகிதங்களின் இடைவெளி அமைய வேண்டும். நீங்கள் கியர்களை எப்படி மாற்றினாலும் இந்த ஒழுங்கு கலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலான வீழ்ச்சி, மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் உள்ளதைவிடப் பெரிதாகிவிட்டால் அந்த அமைப்பில் எங்கோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த ரோட்ஸ்டரின் என்ஜினுக்கு உச்ச முறுக்குவிசை (டார்க், அதாவது அச்சைத் திருகும் விசை) 5500இலும் உச்சத் திறன் 6500இலும் வருகின்றன. முறுக்குவிசை உச்சத்திலேயே கியர் மாற்ற வேண்டும் என்று சிலர் நம்புகிறார்கள், அது சரியன்று. கியரை ஏற்றியதுமே, சக்கரத்துக்குப் போகும் இழுவை விகிதத்தின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இப்போதைய கியரில் கிடைக்கும் இழுவை, அடுத்த கியரில் கிடைக்கப்போகும் இழுவைக்குச் சமமாகத் தேய்ந்துவரும் வரை மாற்றாமல் இருப்பதே ஆதாயம். பெரும்பாலான வண்டிகளில் அந்த இடம் திறன் உச்சத்தைத் தாண்டியே வரும். ஆகவே விகிதங்களைச் சீரமைப்பதன் நோக்கத்தை இப்படிச் சொல்லலாம்: உச்சத் திறனின் இருபுறமும் உள்ள சுழற்சிப் பரப்பில், முறுக்குவிசை உச்சத்துக்கும், என்ஜின் தாண்டக் கூடாத சுழற்சி எல்லையான சிவப்புக் கோட்டுக்கும் நடுவில், என்ஜின் முடிந்த அளவுக்கு நெடுநேரம் இருக்க வேண்டும்.

இதை ஒரு குறிப்பிட்ட வளைவில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஜப்பானின் சுகுபா பந்தயப் பாதை 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள சிறிய பாதை. அங்கே இரண்டாவது கொண்டை ஊசி வளைவைக் கடந்தவுடன் பின்புற நேர்பாதை தொடங்குகிறது; அந்தப் பாதையில் வண்டி எட்டும் பெருவேகம் அதன் முடிவில்தான். அந்த வளைவை விட்டு வெளியே வரும்போது ரோட்ஸ்டர் 60 கி.மீ. வேகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை விகிதத்தில் இரண்டாவது கியரில் என்ஜின் 4470 ஆர்.பி.எம்.-இல் நிற்கும், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினாலும் வண்டி உடனே எழாது. ஃபைனலை 4.7ஆக ஏற்றினால் அதே வேகத்தில் சுழற்சி 4890. இழுவை விகிதத்தால் மட்டுமே ஒன்பது சதவீதம் கூடுகிறது. என்ஜினும் தன் முறுக்குவிசை உச்சத்துக்கு நெருங்கி நிற்கிறது. வளைவின் வாயில் கிடைக்கும் இந்த ஆதாயத்தை நேர்பாதை முழுவதும் வண்டி சுமந்துகொண்டு போகிறது. நேர்பாதையின் முடிவில் கிடைக்கும் ஆதாயமோ பிரேக்கை மிதித்த மறுகணமே கரைந்துவிடுகிறது. வளைவிலிருந்து அளக்கத் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஃபைனலை ஏற்றினால் எல்லா இடத்திலும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. 4.7இல் இரண்டாவது கியர் 86 கி.மீ.-இலேயே முடிந்துவிடும், பழைய அமைப்பில் அது 94 வரை போகும். எனவே 86க்கும் 94க்கும் இடையில் பழைய வண்டி இன்னும் இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டிருக்க, புதிய வண்டி மூன்றுக்கு மாறிவிட்டது. அந்தச் சிறு இடைவெளியில் பழைய வண்டிதான் வலுவானது. 122க்கும் 133க்கும் இடையில் அதே நிலைமை மூன்றாவது கியரில் திரும்பவும் வருகிறது. இப்படி லாபமும் நட்டமும் மாறிமாறி வரும் பட்டைகளாக வேகத்தைப் பார்க்கப் பழகிக்கொள்வது மிகவும் பயனுள்ளது. உங்கள் வண்டி ஒரு சுற்றில் எந்த வேகப் பட்டைகளில் அதிக நேரம் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியிருக்கிறதோ, லாபம் அங்கே விழ வேண்டும். நட்டம், வண்டி நொடிப்பொழுதில் கடந்துபோகிற பட்டைகளில் விழலாம்.

அடுத்த படி, தனித்தனிக் கியர்களைத் தொடுவது. சற்றே மெருகேற்றிய ரோட்ஸ்டர்கூடச் சுகுபாவின் பின்புற நேர்பாதையில் 150ஐத் தொடும் நேரத்துக்குப் பிரேக் மிதிக்கும் இடம் வந்துவிடும். அப்படியானால் 4.7 ஃபைனலில் நான்காவது கியர் 162 வரை நீண்டு கிடக்க வேண்டியதில்லை; அதை 1.07ஆக்கினால் 152இல் முடியும். இரண்டாவதை 1.888ஆகவே வைத்துவிட்டு மூன்றாவதை 1.42ஆக்கினால் அது 114இல் முடியும். இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து நான்குக்கும் மாறும்போது என்ஜின் ஏறக்குறைய 5270இல் இறங்குகிறது. முன்பு 4930இல் விழுந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது முறுக்குவிசை உச்சத்துக்கு வெகு அருகில் இறங்குகிறது. ஐந்தாவது கியர் சும்மா கிடக்கிறதே, அதையும் பயன்படுத்தி, இரண்டு முதல் ஐந்து வரை நான்கு கியர்களையும் இன்னும் நெருக்கினால் என்ன என்று தோன்றும். கணக்குப்படி அது சரி, ஓட்டத்தில் சரியன்று. ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் சக்கரத்துக்குப் போகும் விசை ஒரு கணம் அறுகிறது. பந்தயத்துக்கென்று செய்த, கியர்களை வரிசையாக மட்டும் மாற்றும் சீக்வென்ஷியல் பெட்டியில் அந்த இடைவெளி மிகக் குறைவு; சாலைக்காரின் பெட்டியில், அதிலும் கிளட்ச் வைத்து ஸ்டியரிங் செட்டோடு ஓட்டுகிறவர்களுக்கு அது கணிசமானது. இந்த வண்டிக்குச் சுகுபாவில் இரண்டு முதல் நான்கு வரை மூன்று கியர்கள் போதும் என்பது என் முடிவு.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதும் முக்கியம். கிரான் டூரிஸ்மோவில் அதிகபட்ச வேகத்துக்கான தானியங்கி அளவைத் தள்ளினால் தனித்தனிக் கியர்கள் எல்லாம் திரும்பக் கணக்கிடப்பட்டுவிடும்; பாடுபட்டு அமைத்தவை அழிந்துபோகும். ஆகவே அதை முதலில் ஓர் இடத்தில் நிறுத்துங்கள், பிறகு ஃபைனல், கடைசியாகத்தான் ஒவ்வொரு கியர். ஃபோர்ஸாவில் ஸ்போர்ட் கியர்பாக்ஸ் வாங்கினால் ஃபைனலை மட்டும் மாற்றலாம். ரேஸ் கியர்பாக்ஸ் வாங்கினால்தான் எல்லாவற்றையும் மாற்ற முடியும். அங்கே திரையில் தெரியும் வரைபடத்தில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு கோடு சாய்ந்து ஏறுகிறது. கோடு சிவப்பு எல்லையைத் தொட்டு அடுத்த கோட்டின் மேல் விழும் அந்தப் பற்களின் ஆழத்தைப் பாருங்கள். மேலே சொன்ன மாடிப்படி கண்ணுக்கு நேராகத் தெரியும். என்ஜினில் கேம்ஷாஃப்ட் முதலானவற்றை மாற்றினால் சிவப்புக் கோடே இடம் மாறிவிடும். டயரின் விட்டத்தை மாற்றினால் எல்லாக் கியர்களின் வேகமும் மாறிவிடும். எனவே கியர் வேலை எப்போதும் கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதல் கியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடிக்கொண்டே தொடங்கும் பந்தயத்தில் அதற்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அதை நீட்டி இரண்டாவதோடு நெருக்கிவிடலாம். நின்ற இடத்திலிருந்து தொடங்கும் பந்தயத்தில், திறன் மிகுந்த பின்சக்கர வண்டியாக இருந்தால், குறுகிய முதல் கியர் டயரை வீணாகச் சுழலவிடும்; அங்கேயும் நீட்டுவதே நல்லது. மொனாக்கோவின் கொண்டை ஊசி வளைவைப் போல வண்டி ஊர்ந்து திரும்பும் இடங்களில்தான் முதல் கியர் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையான வேலை செய்கிறது.

வளைவின் நடுவில் கியர் மாற்ற நேர்வது பலரும் கவனிக்காத ஒன்று. ஜப்பானின் சுசுகா பாதையின் தொடக்கத்தில் வரும் எஸ் வளைவுகளில் வண்டி இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டே போகும்போது ஒரு கியர் முடிந்து லிமிட்டர் (என்ஜினைச் சுழற்சி எல்லையைத் தாண்டவிடாத கட்டுப்பாடு) இடித்தால், ஏற்றுவதா பொறுத்திருப்பதா என்ற தடுமாற்றத்திலேயே வரிசை கலைந்துவிடும். மாற்றும் கணத்தில் விசை அறுந்து திரும்பப் பாயும்போது பின்சக்கரங்கள் பிடியை இழக்கவும் வாய்ப்பு உண்டு. அங்கே அந்தக் கியரைச் சற்று நீட்டி, வளைவுகள் முடிந்து ஸ்டியரிங் நேரானபின் மாற்றும்படி வைத்தால் சுற்று நேரம் குறைவதோடு ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி அமையும். விகிதக் கணக்கில் இழக்கும் சிறு லாபத்தைவிட இது மதிப்புள்ளது என்று நான் கருதுகிறேன். நெடும்பந்தயங்களில் ஐயமே வேண்டாம்.

கியரைக் கீழே இறக்கும் பக்கமும் உண்டு. பெங்களூரிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது லாரிகள் கீழ் கியரிலேயே முனகிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக்கின் சுமையை என்ஜின் பங்கிட்டுக்கொள்கிறது. பந்தய வண்டியிலும் இதே விளைவு இருக்கிறது, ஆனால் ரோட்ஸ்டரைப் போன்ற பின்சக்கர இயக்க வண்டியில் அது பின்சக்கரங்களில் மட்டும் விழுகிறது. இரண்டாவது கியரை மிகக் குறுக்கிவிட்டால், பிரேக் மிதித்துக்கொண்டே வளைவுக்குள் திரும்பி அதற்கு இறக்கும் நேரத்தில் பின்சக்கரங்கள் இழுபட்டு வண்டி சுழலும். வளைவின் வாயில் இழுவை வேண்டும் என்பதற்காகக் கியரைக் குறுக்குகிறவர்கள் அதே வளைவின் நுழைவில் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். என் அக்கா மகன் வண்டி சுழன்றபோதெல்லாம் சஸ்பென்ஷனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது கியரைச் சற்றே நீட்டிக் கொடுத்ததும் அந்தக் குறை நின்றுவிட்டது.

கடைசி கியருக்கு வருவோம். தனியாக ஓட்டிச் சுற்று நேரம் பதிவதற்கும், கூட்டத்தில் பந்தயம் ஓட்டுவதற்கும் கடைசி கியர் ஒன்றாக இருக்க முடியாது. முன்வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும்போது காற்றின் எதிர்ப்பு குறைந்து வண்டி வழக்கத்தைவிட வேகமாகப் போகும். தனியோட்டத்துக்கு இறுக்கி அமைத்த கடைசி கியர் அங்கே லிமிட்டரில் முட்டிக்கொண்டு, முந்த வேண்டிய நேரத்தில் நின்றுவிடும். ஆகவே கூட்டப் பந்தயத்துக்குக் கடைசி கியரை மட்டும் கொஞ்சம் நீட்டுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம். 2011இல் இத்தாலியின் மொன்ஸாவில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டலின் ரெட் புல் அணி இதற்கு எதிரான திசையில் துணிந்தது. வேகத்துக்கே பெயர்பெற்ற அந்த 5.793 கி.மீ. பாதையில் குறுகிய ஏழாவது கியரோடும், நேர்பாதையில் மற்றவர்களைவிடக் குறைந்த உச்ச வேகத்தோடும் களமிறங்கி, வளைவுகளிலும் அவற்றிலிருந்து வெளியேறும் இடங்களிலும் சம்பாதித்து, முதலிடத்திலிருந்து புறப்பட்டு வென்றது. முன்னால் போகிறவருக்கு அந்த அமைப்பு பொருந்தும்; பின்னாலிருந்து முந்த வேண்டியவருக்குப் பொருந்தாது. அக்காலத்தில் ஃபார்முலா 1 அணிகள் பாதைக்குப் பாதை விகிதங்களை மாற்றிக்கொள்ள முடிந்தது. 2014 முதல் எட்டு கியர்கள், பருவம் முழுவதற்கும் ஒரே விகிதங்கள் என்று விதி மாறிவிட்டது. அந்த விதியை நான் விரும்பவில்லை. பொறியாளரின் கையிலிருந்த நுட்பமான ஒரு கருவியை அது எடுத்துக்கொண்டது.

இரண்டு தேவைகள் நேருக்கு நேர் மோதும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜெர்மனியிலுள்ள நூர்பர்க்ரிங் பந்தயத் திடலின் வடபாதைக்குத்தான் போக வேண்டும். 20.832 கி.மீ. நீளம். நடுவில் பெர்க்வெர்க் என்ற மெதுவான வளைவு. அதை விட்டு வந்தவுடன் கெஸல்ஹென் பகுதி மலையேற்றமாக நீள்கிறது, ஆக்சிலரேட்டரை விடவே வேண்டியதில்லை. சுற்றின் முடிவிலோ டோட்டிங்கர் ஹோஹே என்ற மிக நீண்ட நேர்பாதை. பெர்க்வெர்க்குக்காகக் குறுக்கினால் கடைசி நேர்பாதையில் லிமிட்டர் இடிக்கும். நேர்பாதைக்காக நீட்டினால் ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கும். இங்கே என் தீர்வு, கீழிருந்து கடைசிக்கு முந்தியது வரையுள்ள கியர்களை ஏற்றத்துக்காக நெருக்கி அமைத்துவிட்டு, கடைசிக் கியரை மட்டும் அந்த நேர்பாதைக்கென்று தனியாக நீட்டி வைப்பது. மாடிப்படி ஒழுங்கை மீற நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடமும் இதுதான். அந்த நேர்பாதையில் ஒரே ஒரு முறை அக்கியருக்கு மாறுகிறோம்; அதன்பின் அதிலேயே நெடுநேரம் போகிறோம்; ஒரு முறை ஆழமாக விழுவதன் இழப்பு தாங்கக்கூடியது.

டர்போ பொருத்திய வண்டிகளில் மேலே சொன்ன எல்லாமே இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். டர்போ அழுத்தம் திரள்வதற்கு ஒரு குறைந்தபட்சச் சுழற்சி தேவை. வளைவின் வாயில் என்ஜின் அதற்குக் கீழே இருந்தால் மிதித்தபின் காத்திருக்க வேண்டும், பிறகு விசை ஒரேயடியாக வந்து டயரைச் சுழற்றிவிடும். பெரிய டர்போவை மாட்டிவிட்டுச் சாலைக்காரின் பழைய விகிதங்களோடு ஓட்டுகிறவர்கள் அந்த டர்போவுக்குக் கொடுத்த பணத்தில் பாதியை வளைவுகளிலேயே விட்டுவிடுகிறார்கள்.

உண்மையான பந்தயப் பட்டறையில் இதே வேலை கையை அழுக்காக்கிக்கொண்டு செய்யப்படுகிறது. 1957இல் இங்கிலாந்தில் மைக் ஹியூலண்ட் தொடங்கிய நிறுவனத்தின் கியர் பெட்டிகள் புகழ்பெற்றதற்கு ஒரு காரணம், பின்மூடியைத் திறந்து பற்சக்கர ஜோடிகளைப் பந்தயத் திடலிலேயே மாற்றிக்கொள்ள முடிந்தது. ஒரு பயிற்சி ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு கியரை மாற்றுவதற்கு மெக்கானிக்குகள் எடுத்துக்கொண்ட நேரத்தில், நாம் திரையில் எத்தனையோ மாற்றங்களைச் செய்து பார்த்துவிடலாம். எல்லா விளையாட்டுகளும் இதை அனுமதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனேயில் ஜி.டி.3 என்ற பந்தய வகுப்பைச் சேர்ந்த வண்டிகளின் விகிதங்கள் மாற்ற முடியாதவை. நிஜத்தில் அந்த வகுப்பின் விதிகள் அப்படி இருப்பதால் விளையாட்டும் அப்படியே வைத்திருக்கிறது. அங்கே நாம்தான் கியருக்கு ஏற்ப வளைவைத் திரும்ப வேண்டும். அதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய கலைதான்.

பிறர் செய்து பகிர்ந்த அமைப்புகளை அப்படியே இறக்கி ஓட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கியரை மட்டும் நீங்களே அமையுங்கள் என்பேன். ஒருவர் வளைவை 60இல் விட்டு வருவார், இன்னொருவர் அதே வளைவை 68இல் விட்டு வருவார். இருவருக்கும் ஒரே இரண்டாவது கியர் பொருந்தாது. முதலில் தொழிற்சாலை விகிதத்திலேயே பாதை பழகும் வரை ஓட்டுங்கள். பிறகு ரீப்ளேயைப் போட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும் இடத்தில் வேகமும் சுழற்சியும் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வளைவுக்குப் பின் மிக நீண்ட நேரம் முழு ஆக்சிலரேட்டர் வருகிறதோ அந்த வளைவின் எண்ணை வட்டமிடுங்கள். ஃபைனலை அந்த எண்ணுக்காக நகர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே ஒரு சுற்று நேரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தொடர்ந்து ஓட்டிய சுற்றுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். காதையும் பயன்படுத்துங்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் நேர்பாதையின் ஓரம் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும்: கியர் சரியாக அமைந்த வண்டியின் ஒலி மாற்றத்தின்போது அதிகம் இறங்காது, ஒரே சுருதிக்கு அருகிலேயே ஏறியும் இறங்கியும் போகும்.

மழைக்கு மட்டும் நான் தனி அமைப்பு ஒன்றைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஈரப் பாதையில் வளைவின் வாயில் இழுவை மிகுந்தால் அது டயரைச் சுழற்றவே பயன்படும்; அங்கே ஃபைனலைத் தொழிற்சாலை அளவான 4.3க்கே இறக்கிவிட்டு, காய்ந்த பாதையில் இரண்டாவது கியரில் திரும்பிய வளைவுகளை மூன்றாவதில் திரும்புகிறேன். என்ஜின் 3500க்குப் பக்கத்தில் சோம்பலாகத்தான் எழும். ஆனால் பின்சக்கரங்கள் பிடியை விடாது, ஆக்சிலரேட்டரை முன்னதாகவே முழுவதும் அழுத்தலாம். அடுத்த ஞாயிறு சுசுகாவில் மழையை வைத்து ஓட்டுவதாக அக்கா மகனோடு பேசியிருக்கிறேன்; அவனுடைய வண்டி நாற்சக்கர இயக்கம் என்பதால், அவனுக்கு அதில் நான் எந்த விகிதத்தையும் நீட்டச் சொல்லப்போவதில்லை.